ரஜியா பேரில் போன திருத்தம்

கள்ளக்குறிச்சி கச்சேரி ரோட்டில், தன் செருப்புக்கடைக்கு மேல்மாடியில் மகள் ரஜியா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், ஹயாத் பாஷா "கம்ப்யூட்டரு" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். அவள் பார்த்தது டேட்டாபேஸ் சர்வர் வேலை. ஊர்ப்பட்ட தகவலை அட்டவணை அட்டவணையாகச் சேர்த்துவைக்கும் அந்த மென்பொருளின் மூல நிரலில் பிழை தேடித் திருத்துவது.

அம்சவள்ளிக்கும் அதே கம்பெனியில் அதே வேலைதான். காலேஜில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். கம்பெனி ரஜியாவை மட்டும் எடுத்தபோது, "அவளும் வந்தாத்தான் நானும்" என்று முரண்டு பிடித்து அம்சவள்ளியையும் உள்ளே இழுத்துப்போட்டவள் ரஜியா. பிறகு அம்சவள்ளி ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டு கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்குக் குடிபோனாள்.

"மேல நெட்டே நிக்க மாட்டேங்குதுடி" என்று அலுத்துக்கொண்டு அவ்வப்போது பஸ்ஸில் இறங்கி வருவாள். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே பென் டிரைவை நீட்டுவாள். ரஜியா அதைத் திறந்துகூடப் படிக்காமல் தன் பேரில் கம்பெனிக்கு அனுப்பிவிடுவாள். அம்சா செய்ததைப் போய்ச் சோதிப்பதா? என்ன பேச்சு அது!

அன்று காலை மேலாளர் கண்ணாயிரம் போன் செய்தார்.

"ஒரு ஆஸ்பத்திரில பதிவெல்லாம் காணாமப் போய்க்கினு இருக்குது. உன் பேர்ல வந்த திருத்தம்தான் காரணம். நீ எழுதனதா?"

அம்சா கொடுத்தது என்று ரஜியாவுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நொடி யோசிக்கவில்லை. "ஆமா சார், என்னுதுதான்" என்றாள்.

உடனே தோழிக்குப் போன் போட்டாள். "நீ குடுத்ததுல ஏதோ ஒடஞ்சிடுச்சாம்டி. நான் என்னுதுன்னு சொல்லிட்டேன். நீ பயப்படாத."

"ஐயோ! ஒரு பக்கம் நெரம்பி ரெண்டா பிரியும்ல, அங்க பூட்ட முன்னாடியே அவுத்துவுட்டிருக்கும். அங்க பாருடி."

பதிவுகள் பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டிருக்கும்; பக்கம் நிரம்பினால் இரண்டாகப் பிரியும். ஒரே பதிவை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்ற வந்தால், ஒருவர் முடிக்கும்வரை மற்றவரை நிறுத்திவைக்கும் பூட்டு அது. சீக்கிரம் அவிழ்ந்தால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடுவார். சொன்ன இடத்திலேயே இருந்தது பிழை. நல்லவேளை அம்சா இருக்கிறாள் என்று ரஜியா மனம் குளிர்ந்து திருத்தத் தொடங்கினாள். முடித்துச் சோதித்துக்கொண்டிருந்தபோதே கண்ணாயிரம் மறுபடி கூப்பிட்டார்.

"அம்சவள்ளி சரிபண்ணி அனுப்பிட்டாங்க. நாளையிலேர்ந்து உனக்கு வேலை இல்லம்மா."

நெட்டே இல்லாத மலையிலிருந்து எப்படி அனுப்பினாள்? அதைவிட, என்ன உடைந்தது என்று அவளிடம் யார் சொன்னது? ரஜியா லேப்டாப்பை மூடினாள். வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

அம்சவள்ளி வீட்டுச் சுவரில் நெட் பெட்டி பச்சை விளக்கோடு மின்னிக்கொண்டிருந்தது.

"இன்னா ஒடஞ்சதுன்னு நான் சொல்லவே இல்லியேடி. உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

டீ வைக்கப் போன அம்சவள்ளி திரும்பாமலே நின்றாள். மழுப்பவில்லை. "ரெண்டு பேர்ல ஒருத்தரத்தான் வெச்சுப்பாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அதான் அந்தப் பூட்ட நானே அவுத்துவுட்டேன்."

"அடிப்பாவி! எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? நானே வுட்டுக்குடுத்திருப்பேனே!"

"குடுத்திருப்ப. அதான் கேக்கல." அம்சவள்ளி அடுப்பைப் பற்றவைத்தாள். "சேந்தது உன்னால. இதுவும் நீ போட்ட பிச்சன்னு ஆயுசு பூரா கெடக்கச் சொல்றியா?"

ரஜியாவுக்கு வேலை போனதுகூட அப்போது பெரிதாகப் படவில்லை. தான் கூட நின்றதையெல்லாம் அம்சா இத்தனை வருஷமாகப் பிச்சையாகவே எண்ணிக்கொண்டிருந்தாளே, பாவி!

"டீ குடிச்சிட்டுப் போடி" என்றாள் அம்சவள்ளி, வழக்கம்போல.

ரஜியா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் இறங்கி நடந்தாள்.