மூன்று மணி என்று எழுதிய சீட்டு

என் கணவருக்கு எதிலும் கொஞ்சம் கூடுதலாக விட்டு வைக்க வேண்டும். சீருடை தைக்கும் தொழிற்சாலையில் அவர் கட்டிங் மாஸ்டர். தையலுக்கு உள்ளே அரை அங்குலம் போதும் என்று மற்றவர்கள் வெட்டினால் இவர் ஒரு அங்குலம் விட்டு வெட்டுவார். கேட்டால், "வெட்டின துணி வளராது" என்பார். வீட்டிலும் அதே கதைதான். மகளுக்கு அவர் வாங்கும் செருப்பு அடுத்த வருடம்தான் காலுக்குச் சரியாக இருக்கும். மூன்று பேருக்கு உலை வைத்தால் ஐந்து பேர் சாப்பிடலாம். இதைச் சொல்லி நான் கிண்டல் செய்யாத நாளே கிடையாது.

நான் வேலை பார்ப்பது பாலைவனச் சாலை உதவி அலுவலகத்தில். எங்கள் ஊரில் தொடங்கி நானூற்று இருபது கிலோமீட்டர் மணலுக்குள் போய் அடுத்த ஊரில் முடிகிற பழைய சாலை அது. நடுவில் வீடு இல்லை, கடை இல்லை, நாற்பதாவது கல்லைத் தாண்டினால் போனும் எடுக்காது. புது நெடுஞ்சாலை வந்த பிறகு லாரிக்காரர்கள்கூட அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. குளிர்காலத்தில் சில நாள் இரண்டு வண்டி போனாலே பெரிது. அதனால் அதில் போகிற ஒவ்வொருவரும் எங்களிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை பேர், என்ன வண்டி, எத்தனை மணிக்கு மறுமுனை போய்ச் சேருவார்கள். போய்ச் சேர்ந்ததும் அங்கே இருக்கிற சாவடியில் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் இங்கிருந்து மீட்பு வண்டி கிளம்பும். சீட்டைப் பார்த்து வண்டியை அனுப்புகிறவள் நான்.

ஆறு வருடத்துக்கு முன் இதே சாலையில் இவர் பழைய தையல் மிஷின் ஒன்று வாங்கப் போனார். திரும்பி வர நாற்பது நிமிடம் தாமதம். உடனே மீட்பு வண்டியை விரட்டினேன். மனுஷன் ஊர் எல்லையில் முடிவெட்டுகிற கடையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒல்லி என்று நாங்கள் கூப்பிடுகிற மீட்பு வண்டி டிரைவர், ஒரு கன்னம் மழித்து ஒரு கன்னம் நுரையுமாக அவரை அலுவலக வாசலில் கொண்டு வந்து இறக்கினான். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்குப் பெயர் 'அவசரம்'.

அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு உறைத்தது என்பதை யாரிடமும் சொன்னதில்லை. போன குளிர்காலத்தில் பதினான்கு முறை வண்டியை அனுப்பினோம். அதில் பதின்மூன்று வீண். வழியில் படம் எடுத்தவர்கள், அடுப்பு மூட்டிச் சமைத்தவர்கள், தூங்கியவர்கள். அப்படி ஒரு வீண் ஓட்டத்தில் வண்டி போயிருந்தபோது, உண்மையிலேயே அச்சு முறிந்து நின்ற ஒரு குடும்பம் மறுநாள் காலைவரை காத்திருந்தது. அதன் பிறகுதான் நான் ஒரு யோசனை சொன்னேன். யார் எந்த நேரம் எழுதினாலும் அதோடு மூன்று மணி நேரம் சேர்த்துச் சீட்டின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதுவோம். அந்த நேரம் தாண்டினால்தான் வண்டி. மேலாளருக்குப் பிடித்துப் போயிற்று. "பதறாத காரியம் சிதறாது" என்று எல்லார் முன்னாலும் சொல்லி என்னைப் பாராட்டினார். வீட்டில் இதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. 'அவசரமா மூணு மணி நேரம் பொறுக்கப் போறது?' என்று இவர் கேலி செய்வார், அதை யார் கேட்பது?

இந்த வருடம் மகளின் குளிர்கால விடுமுறைக்கு அந்தச் சாலை வழியாகத் தன் அக்கா வீட்டுக்குப் போவதென்று இவர் முடிவு செய்தார். மகளுக்குப் பதின்மூன்று வயது. மணல் மேல் உறைபனி படிந்திருப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வருடமாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு விடுப்புக் கிடைக்காது. விடுமுறைக் காலத்தில் மற்றவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், சீட்டுப் பலகையை நான்தான் பார்க்க வேண்டும்.

சமையலறை மேசையில் பதினைந்து நாள் திட்டம் நடந்தது. துணிக்கு அளவு போடுகிற பழுப்புக் காகிதத்தை விரித்து, ஒரு அங்குலத்துக்குப் பத்து கிலோமீட்டர் என்று கணக்கு வைத்து, சாக்கட்டியால் சாலை முழுவதையும் வரைந்தார். நான் சோற்றுக் கரண்டியும் கையுமாக நின்று சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொண்டார்.

"அறுபதாம் கல்லுல பள்ளம். ஸ்பீடைக் குறைச்சுடுங்க."

"சரி."

"நூத்தி எண்பத்தி நாலாம் கல்லுல ஒரு வளைவு வரும். வடக்குக் காத்துல மணல் ரோட்டு மேலயே ஏறிக் கிடக்கும்."

அங்கே ஒரு பெருக்கல் குறி போட்டார். மகள் எட்டிப் பார்த்து, "அங்க என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகல. ஆகக் கூடாதுன்னுதான் சொல்றேன்" என்றேன். ஆகியிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கல்லில் கவிழ்ந்த காரைப் பற்றி நான்தான் பதிவேட்டில் எழுதினேன். குழந்தையிடம் அதையெல்லாம் சொல்ல முடியுமா?

ஒவ்வொரு நாளும் கூடத்தில் சாமான் ஏறியது. உபரிச் சக்கரம் ஒன்று போதாதென்று இரண்டு. பெட்ரோல் கேன் மூன்று. மணலில் சிக்கினால் சக்கரத்துக்கு அடியில் வைக்கப் பலகை நாலு. தண்ணீர் ஒரு வாரத்துக்கு. கம்பளி போதாதென்று தொழிற்சாலையில் மிஞ்சிய கனத்த துணியில் மகளுக்கு ஒரு கோட்டு தைத்தார். போட்டுப் பார்த்தால் அவள் கைவிரல்கூட வெளியே தெரியவில்லை.

"அப்பா, இதுக்குள்ள இன்னொரு ஆளே இருக்கலாம்."

"வளர்ற பொண்ணு. இருக்கட்டும்."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தச் சாமான்களைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். இத்தனையும் எதற்கு எடுத்து வைக்கிறோமோ அது நடந்துவிடும்போல ஒரு நினைப்பு. போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் 'ஆரம்பிச்சுட்டா அவசரம்' என்பார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் சீட்டை வீட்டுக்கே கொண்டு வந்தேன். மேசையில் வைத்து எழுதினார். கிளம்பும் நேரம் காலை ஆறு. சேரும் நேரம் என்ற இடத்தில் பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு சற்று யோசித்து, மூன்று என்று எழுதினார். மகள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அப்பாவும் பெண்ணும் என்னமோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். அது என்ன என்று அப்போதே காதைத் திருகிக் கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை வெள்ளை வேன் கிளம்பியது. தரையெல்லாம் உறைபனி. மகள் கோட்டுக்கையை ஆட்டினாள். நான் அலுவலகம் போய்ச் சீட்டைப் பலகையில் சொருகினேன். சிவப்புப் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஆறு என்று எழுதினேன். கை ஒரு நொடி நின்றது உண்மை. சொந்தப் புருஷன் என்பதற்காக விதியை மாற்றினால் மறுபடி சிரிப்பார்கள் என்று எழுதிவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டேன். மூன்று மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்தேன். மேலாளர் அந்தப் பக்கமாக வந்தார்.

"வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துட்டாராம்மா?"

"இன்னும் தகவல் வரல சார். ஆறு வரைக்கும் டைம் இருக்கு."

"பரவாயில்லையே. அவசரம்கிற பேரை மாத்திடலாம் போலிருக்கே."

எனக்குப் பெருமையாக இருந்தது. பழத்தில் பாதியைப் பிய்த்து அவருக்குக் கொடுத்தேன்.

நாலு ஐம்பதுக்குத் தொலைபேசி அடித்தது. மறுமுனை ஊரிலிருந்து என் நாத்தனார், அவருடைய அக்கா.

"ஏம்மா, லேட்டாவா கிளம்பினாங்க? எடுத்து வெச்ச சாப்பாடெல்லாம் ஆறிப் போச்சு. ஒரு மணிக்கெல்லாம் வந்துடுவோம்னு சொன்னானே."

"மூணுன்னுதானே அண்ணி எழுதியிருக்காரு?"

அண்ணி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உன்கிட்ட அப்படித்தாம்மா சொல்லுவான். எங்க போனாலும் உனக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் தள்ளிச் சொல்லுவான், நீ பயந்துடக் கூடாதுன்னு. அந்த முடிவெட்டுற கடைக்கு அப்புறம் எப்பவும் அப்படித்தான். உனக்குத் தெரியாதா?"

"ஒரு மணியிலேர்ந்து நீங்க ஏன் அண்ணி கூப்பிடல?"

"உன்னைக் கலங்கடிக்க வேண்டாம்னுதான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன்."

அவர் இரண்டு, நான் மூன்று, அண்ணி நாலு. ஆளாளுக்கு நேரத்தை விட்டு வைத்திருக்கிறோம். வெளியே வெயில் மஞ்சளாகி மணல் மேட்டுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் அரை மணியில் இருட்டிவிடும். இருட்டிய ஒரு மணி நேரத்தில் அங்கே வாளியில் இருக்கும் தண்ணீர் கல்லாகிவிடும். இதெல்லாம் போன் பண்ணுகிறவர்களுக்கு நானே எச்சரிக்கையாகச் சொல்கிற விஷயம்.

ஒல்லி கொட்டகையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ஆறு ஆகலையேக்கா" என்றான். என் முகத்தைப் பார்த்தவன் துணியைப் போட்டுவிட்டு ஏறினான். நானும் ஏறினேன். மேலாளர் ஏதோ சொல்லிக் கூப்பிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டேகால் மணி நேரம். விளக்கு வெளிச்சத்தில் கல் கல்லாக எண் வந்தது. எனக்கு எங்கே என்று தெரிந்தே இருந்தது. நூற்று எண்பத்து நாலாம் கல் வளைவில் சாலை நடுவே அந்தப் பெரிய கோட்டு நின்றுகொண்டிருந்தது.

காலையில் அவர் வேகத்தைக் குறைத்துத்தான் வந்திருக்கிறார். மணலுக்கு அடியில் தார் மேல் பனி இறுகியிருக்கும் என்பது எனக்கும் தெரியாது, நான் சொல்லவுமில்லை. வேன் வழுக்கிச் சரிவில் உருண்டு பக்கவாட்டில் கிடந்தது. இரண்டு உபரிச் சக்கரமும் நாலு பலகையும் சேதமில்லாமல் மணலில் சிதறிக் கிடந்தன. கதவுக்கு அடியில் அவர் இரண்டு காலும் சிக்கியிருந்தன. எல்லாக் கம்பளியும் அவர் மேல் போர்த்தியிருந்தது. ஒல்லி கீழே இறங்கி அவர் கழுத்தில் கை வைத்துப் பார்த்தான். வெகு நேரம் வைத்திருந்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான். நான் அவர் நெஞ்சில் விழுந்து கத்தினேன். உடம்பு சில்லென்று இருந்தது. எனக்குக் கேட்டதெல்லாம் என் சத்தம்தான்.

ஒல்லி வேனை நிமிர்த்தி அவரை எடுத்துப் பின்னால் கிடத்திய பிறகு, மீட்பு வண்டியின் முன் சீட்டில் மகளை மடியில் போட்டுக்கொண்டேன். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பல் கிட்டிக்கொண்டிருந்தது. சூடு ஏறிய பிறகு பேச ஆரம்பித்தாள்.

"காலையிலேர்ந்து ஒரு வண்டிகூட வரல. நான் நடந்து போய் யாரையாவது கூட்டிட்டு வரேன்னேம்மா. அப்பா விடல. அம்மாகிட்ட மூணுன்னு சொல்லியிருக்கேன், மூணு அடிச்சதும் வண்டியை அனுப்பிடுவா, இருட்டறப்ப வந்துடுவாங்க, நீ இங்கயே இருன்னாரு."

"ம்."

"மூணு மணிக்கு வாட்சைப் பார்த்து சிரிச்சாரும்மா. காலு அவ்ளோ வலிக்குது, அப்பவும் சிரிச்சாரு. 'இப்ப உங்கம்மா ஆபீஸையே தலைகீழாப் புரட்டிக்கிட்டிருப்பா பாரு'ன்னாரு. இருட்டினதுக்கு அப்புறம் வாட்சைப் பார்க்கவே இல்ல. ஆறு மணிக்கு மேல நான் கூப்பிட்டேன், பேசல."

அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மூணு மணிக்கு நீ என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தே?"

ஒல்லி சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அவள் நம்பியும் இருப்பாள். ஆனால் அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஆரஞ்சு உரிச்சுக்கிட்டிருந்தேன்" என்றேன்.