தகவல் தந்தவர்கள்

நாலாவது குண்டூசி மட்டும் வரவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினேன். நகம் உடைந்ததுதான் மிச்சம். கீழே வாசலில் பள்ளிச் செயலாளரின் கார் வந்து நின்றுவிட்டது. தலைமையாசிரியர் ராமானுஜம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓடுவது மாடித் தாழ்வாரத்திலிருந்து தெரிந்தது. பச்சைத் துணி ஒட்டிய பலகையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் ஐந்து கட்டுரைகள், ஒவ்வொன்றும் மூன்று தாள், மேலிருந்து கீழாக. நடுவில் இருப்பது தமிழ்நிலாவுடையது. அதை நடுவில் குத்தியவளும் நான்தான். முந்தின நாள் மாலை இரண்டடி தள்ளி நின்று, கோணலாக இருக்கிறதா என்று பார்த்து, ஒருமுறை நிமிர்த்தி வேறு வைத்தேன். அதன் கடைசித் தாள் செயலாளர் கண்ணில் படக் கூடாது. பட்டால் பதினொரு பிள்ளைகளின் கையில் டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இது எனக்குத் தெரியவந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கட்டுரை என்றாலே எனக்குக் கோபம் வரும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மூன்று டப்பா. நோட்ஸில் இருப்பதை அள்ளிப் போட்டு மூடிவிடுவார்கள். நாற்பது நோட்டிலும் மரம் நிழல் தரும். நாற்பது நோட்டிலும் நீரின்றி உயிர்கள் வாழாது. அசோக் நகரில் பத்து வருடம் இந்த நாற்பது நோட்டையே திருத்தித் திருத்திக் கை ஓய்ந்து, ஆகஸ்டில்தான் இந்தப் பள்ளிக்கு வந்தேன். மயிலாப்பூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் சின்னப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் முப்பத்திரண்டே பேர். இவர்களையாவது கரையேற்றலாம் என்று ஒரு நப்பாசை. கரும்பலகையில் தகவல் கட்டுரை என்று எழுதி, அடியில் மூன்று விதி போட்டேன். தினம் கண்ணால் பார்க்கும் ஒன்றைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். பல, சில, ஏராளம் என்ற சொற்கள் கூடாது, எண்ணிப் பார்த்து எழுத வேண்டும். தகவலைச் சொன்னவர் யாரோ அவர் பெயரையும் விவரத்தையும் கடைசியில் தனித் தாளில் எழுத வேண்டும். மூன்றாவது விதி என் சொந்தச் சரக்கு. பெயர் இல்லாமல் வருவது தகவல் இல்லை, வதந்தி என்று பெரிய தோரணையாகச் சொல்லிவிட்டு, சாக்பீஸைப் பெட்டியில் போட்டேன்.

பிள்ளைகள் என்னை ஏமாற்றவில்லை. விக்கி வடக்கு மாட வீதியில் நான்கு பூக்காரம்மாக்களின் முழங்கையை ஸ்கேலால் அளந்துகொண்டு வந்தான். ஒரு கடை முழத்துக்கும் இன்னொரு கடை முழத்துக்கும் ஒன்றரை அங்குலம் வித்தியாசம் இருந்தது. ஸ்ரீஹரி தன் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வரும் நாட்களை மாதக் கணக்கில் குறித்திருந்தான். தமிழ்நிலா மட்டும் நோட்டைக் கொடுக்காமல் என் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஒல்லியாக, சட்டைக் கையை மடித்துவிட்டு, எதையும் இரண்டு தரம் யோசித்துவிட்டுப் பேசுகிற பெண்.

"மிஸ், இத யார் யாரு படிப்பாங்க?"

"நான் மட்டும்தான் படிப்பேன். கொடு."

அதற்குப் பிறகுதான் கொடுத்தாள். அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

'ஏழு மணி பஸ்' என்று தலைப்பு. பெரும்பாக்கத்திலிருந்து பிராட்வே போகும் பேருந்தில் மயிலாப்பூரில் படிக்கும் மாணவர்கள் பதினொரு பேர் ஏறுகிறார்கள். லஸ் வந்து சேர ஒரு மணி இருபது நிமிடம். பத்துப் பேர் தூங்கலாம், ஒருவர் தூங்கக் கூடாது. அவருக்கு முழிப்பு என்று பெயர். தினம் ஒருவராக முறை வரும். அடையாறு பாலம் ஏறியதும் முழிப்பு எழுந்து மற்றவர்களை எழுப்ப வேண்டும். மந்தைவெளி வருவதற்குள் தலை வாரி, ஷூ மாட்டி, உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் இருக்கும் பைகளை உரியவர்களிடம் சேர்த்துவிட வேண்டும். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியை மட்டும் இரண்டு தடவை எழுப்ப வேண்டும், ஏனென்றால் அவள் முதல் தடவை கண்ணைத் திறந்து சிரித்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவாள். ஜூலையில் ஒரு நாள் முழிப்பும் தூங்கிவிட்டது. அன்று பதினொரு பேரும் பிராட்வேயில் இறங்கினார்கள். ஒரு அலங்காரம் கிடையாது, ஒரு ஆச்சரியக்குறி கிடையாது. எங்கேயும் நான் என்ற சொல்லே இல்லை. கடைசித் தாளில் 'தகவல் தந்தவர்கள்' என்று கோடு போட்டு, அவளுடையதும் சேர்த்துப் பதினொரு பெயர்கள், வகுப்பு, பிரிவு, ஏறும் நிறுத்தம். பதினோராவதாக ஷண்முகப்ரியா, ஆறாம் வகுப்பு. படித்து முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து வருடமாக நான் காத்திருந்த கட்டுரை இதுதான். பத்துக்குப் பத்து போட்டேன். என் வாழ்நாளில் கட்டுரைக்கு முழு மதிப்பெண் போட்டது அன்றுதான். அந்த மகிழ்ச்சியில் அவளுக்குக் கொடுத்த வாக்கு சுத்தமாக மறந்துபோனது. செயலாளர் வருகிறார், பலகையில் ஏதாவது வையுங்கள் என்று ராமானுஜம் சொன்னதும் வாரி எடுத்துக்கொண்டு போய்க் குத்திவிட்டேன். அவரும் தலைப்பையும் மதிப்பெண்ணையும் மட்டும் பார்த்துவிட்டு, பஸ்ஸைப் பற்றி ஒரு குழந்தை பிரமாதமாக எழுதியிருக்கிறது என்று செயலாளருக்குப் போனிலேயே சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை முதல் வகுப்பு முடிந்து வெளியே வந்தேன். பள்ளி உதவியாளர் தங்கபுஷ்பம் துடைப்பத்தோடு பலகைக்கு முன்னால் நின்றிருந்தாள்.

"மிஸ், பேர்லாம் போட்டுக்கீதே, இது தெரிஞ்சிதான் மாட்டினீங்களா?"

"ஏன்? நல்லா எழுதியிருக்காளே."

"நல்லாத்தான் எழுதிக்கீது. இந்தப் பசங்கல்லாம் மயிலாப்பூர்லயே கீறாங்கன்னுதான் ஆபீஸ்ல அட்ரஸ் குடுத்து வெச்சிக்கீறாங்கோ. வெளிய தெரிஞ்சா டிசிதான் மிஸ். ஐயா இப்போ வந்துகினு கீறாரு."

மீதியையும் அவள்தான் சொன்னாள். கால்வாய்க் கரைக் குடிசைகளில் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றிய பிறகு அந்தப் பிள்ளைகள் தாமதமாக வர ஆரம்பித்தார்களாம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறைந்ததும், தூரத்திலிருந்து வருகிறவர்கள் அங்கேயே இருக்கும் பள்ளியில் சேர்ந்துகொள்ளட்டும் என்று நிர்வாகம் ஜூனில் தீர்மானம் போட்டுவிட்டது. அம்மாக்கள் எல்லோரும் மயிலாப்பூரிலும் கோபாலபுரத்திலும் வீட்டு வேலை செய்கிறவர்கள். முதல் பஸ்சில் வந்து கடைசி பஸ்சில் போகிறவர்கள். பிள்ளைகளைத் தங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள, வேலை செய்யும் வீடுகளின் முகவரியையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தமிழ்நிலா இருப்பதாக எழுதியிருந்தது லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. அவள் அம்மா சொர்ணம் அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். யார் யார் படிப்பார்கள் என்று அவள் கேட்டது அப்போதுதான் புரிந்தது.

படியில் பேச்சுக்குரல் ஏறி வந்தது. குண்டூசியை விட்டுவிட்டுத் தாளைப் பிடித்து இழுத்தேன். மூலை கிழிந்து ஊசியிலேயே தங்கியது. மீதியை நாலாக மடித்து வருகைப் பதிவேட்டுக்குள் செருகிக்கொண்டு திரும்பினேன். செயலாளர் தனபாலன் முன்னால் வந்து நின்றிருந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் என் பயமே. தி. நகரில் துணிக்கடை வைத்திருப்பவர். எந்தத் துணியையும் விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்க்காமல் வாங்காதவர். கட்டுரைகளையும் அப்படித்தான் படித்தார். விக்கியின் முழக் கணக்கைப் படித்துச் சிரித்தார். ஏழு மணி பஸ்ஸை இரண்டு தடவை படித்தார். அவருக்குப் பின்னால் ராமானுஜம் ஊசியில் தொங்கிய காகிதத் துணுக்கைப் பார்த்தார். பிறகு என் பதிவேட்டைப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் கடைசியா தகவல் தந்தவங்கன்னு ஒரு தாள் இருக்கு. இதுல மட்டும் காணோமே, டீச்சர்?"

"விழுந்திருக்கும் சார். தேடிப் பார்க்கிறேன்."

"பதினொரு பிள்ளைகள்னு எழுதியிருக்கு. எந்த ஸ்கூல் பிள்ளைகளாம்?" குரலில் கோபம் இல்லை. "நம்ம ஸ்கூல்னா சொல்லிருங்க. இவ்வளவு தூரம் அலையணுமா அதுக? அங்கயே நல்ல ஸ்கூல் இருக்குல்லா. எழுதின பிள்ளையக் கூப்பிடுங்க, அதுகிட்டயே கேப்போம்."

தங்கபுஷ்பம் போய் அழைத்து வந்தாள். தமிழ்நிலா பலகையைப் பார்த்தாள். அங்கே தன் கையெழுத்தைப் பார்த்தாள், அதற்குக் கீழே இருந்த வெற்று இடத்தைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். எனக்குத் தலை குனிந்துவிட்டது.

"நல்லா எழுதியிருக்கம்மா. இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

அவள் வழக்கம்போல இரண்டு தரம் யோசித்தாள். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளைகள் இங்கேதான் படிப்பார்கள் சார், உங்கள் தீர்மானத்தை மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, விழுங்கிவிட்டேன்.

"யாரும் சொல்லல சார். நானா யோசிச்சி எழுதினேன்."

"அந்த பஸ்சுல நீ வரலையா?"

"இல்ல சார். நான் நடந்துதான் வருவேன். லஸ்ஸுக்குப் பின்னாடிதான் வீடு. சும்மா கற்பனைதான் சார்."

"அந்த முழிப்பு?"

"அதும்தான் சார்."

தனபாலன் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. பிறகு என் பக்கம் திரும்பினார். "தகவல் கட்டுரைன்னு மேல போட்டிருக்கு, பிள்ள கற்பனைங்குது. அதுக்குப் போய்ப் பத்துக்குப் பத்து போட்டிருக்கீகளே. தப்பாச் சொல்லிக் குடுத்திரக் கூடாதுல்லா, டீச்சர்."

சிவப்புப் பேனாவை எடுத்தேன். பத்தை அடித்துவிட்டு நாலு என்று எழுதினேன். பக்கத்தில் ஏதாவது காரணம் எழுத வேண்டுமே. 'ஆதாரம் இல்லை' என்று எழுதினேன். ஆதாரம் என் கக்கத்தில், பதிவேட்டுக்குள் மடிந்து இருந்தது. நான் எழுதுவதை ஒவ்வொரு எழுத்தாகத் தமிழ்நிலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போன பிறகு ராமானுஜம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது நீரஜா. அப்படியே இருக்கட்டும்" என்றார். பிறகு மெதுவாக, "அந்த அட்ரஸையெல்லாம் ரெஜிஸ்தர்ல எழுதிண்டது யாருன்னு நெனைக்கறேள்?" என்றார். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறவர். பெருமூச்சு விட்டபடி ஏதோ ஒரு சுற்றறிக்கையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

கடைசி மணி அடித்ததும் தமிழ்நிலாவைத் தாழ்வாரத்தில் மறித்தேன். மன்னித்துக்கொள் என்று சொன்னேன். டீச்சர் இப்படியெல்லாம் சொல்லலாமா என்று நான் யோசிக்கவில்லை.

"நீங்க மட்டும்தான் படிப்பேன்னு சொன்னீங்க மிஸ்."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கே வந்து வாசலில் நின்றேன். முன்பெல்லாம் லஸ் பக்கத்திலிருந்து அவர்கள் ஒரு கும்பலாக வருவார்கள். ஒருத்தி கையில் இன்னொருத்தியின் டிபன் பை இருக்கும். ஒருத்தி தலையை மற்றொருத்தி நடந்தபடியே பின்னிக்கொண்டு வருவாள். எட்டரைக்கு முதல் பிள்ளை தனியாக வந்தது. அடுத்தது முப்பதடி தள்ளி, எதிர்ப்புறப் பிளாட்பாரத்தில். மூன்றாவது பூக்கடைக்கு முன்னால் நின்று, இரண்டாவது உள்ளே போகும் வரை காத்திருந்துவிட்டு வந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மனப்பாடமாகிவிட்ட பட்டியலில் ஒவ்வொரு பெயராகக் கழித்து எண்ணிக்கொண்டே நின்றேன். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவதாகத் தமிழ்நிலா. வாசலைத் தாண்டி உள்ளே போனவள் நின்று, முற்றத்தில் நின்ற பிள்ளைகளைக் கண்ணால் எண்ணினாள். திரும்பி வந்தாள்.

"ப்ரியா வந்துடுச்சாக்கா?" என்று தங்கபுஷ்பத்திடம் கேட்டாள்.

"உங்ககூடத்தான வரும்?"

"நாங்க தனித்தனியா குந்திக்கினு வந்தோம்."

"இன்னைக்கு முழிப்பு யாரு?" என்று நான் கேட்டேன்.

"முறைலாம் நேத்தோட நிறுத்திட்டோம் மிஸ். இன்னைக்கு யாரும் யாரையும் எழுப்பல."

மணி அடித்தது. எட்டு நாற்பது. மணி அடித்ததும் கதவைச் சாத்தி, வெளியே நிற்பவர்களின் பெயரைத் தாமதப் பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்று தடவை எழுதினால் வீட்டு முகவரியை விசாரிப்பார்கள். தங்கபுஷ்பம் தாழ்ப்பாளில் கை வைத்தாள், தள்ளவில்லை. தமிழ்நிலா புத்தகப் பையைக் கழற்றி என் காலடியில் வைத்துவிட்டு வெளியே இறங்கினாள். லஸ் பக்கம் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிராட்வே நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அவள் ஒவ்வொரு பஸ்சின் ஜன்னலையும் பார்த்துக்கொண்டே ஓடினாள்.