அறிவியல் அண்ணனின் கைகள்

ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டு முன்னறையில் ஒன்பது பேர் அடைந்து உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி போதாமல் மேல்வீட்டு அக்கா கட்டில் விளிம்பில், அவருடைய கணவர் வாசல் நிலையில் சாய்ந்தபடி. எல்லோரும் நான் தொலைக்காட்சியில் வருவதைப் பார்க்க வந்தவர்கள். கூப்பிட்டது என் மகள். பள்ளிக்கூடத்திலும் தம்பட்டம் அடித்திருந்தாள், "அறிவியல் அண்ணன் நிகழ்ச்சியில எங்கம்மா வராங்க" என்று. அறிவியல் அண்ணன் என்றால் பிள்ளைகளுக்கு உயிர். எரிமலை விளிம்பில் நின்று பேசுவார், சுறாவுக்குப் பக்கத்தில் நீந்துவார். இந்த வாரம் தேள்.

தேள்தான் என் வேலை. ஆய்வுக்கூடத்தின் பின்பக்க அறையில் இருநூற்றுப் பத்துப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மணல், ஓட்டுத்துண்டு, ஈரப் பஞ்சு, ஒரு தேள். தீனி போடுவதும், பெட்டி கழுவுவதும், எந்தத் தாய் எத்தனை குட்டி போட்டது, குட்டிகள் எத்தனையாவது நாளில் முதுகை விட்டு இறங்கின என்று பதிவேட்டில் எழுதுவதும் நான்தான். குளிரான வாரங்களில் எங்கள் பெட்டிக் குட்டிகள் தாமதமாக இறங்குவதை முதலில் கவனித்துச் சொன்னதும் நான்தான். பதினோரு வருடம், பதினோரு வருடமும் தற்காலிக ஊழியர். வருடக் கடைசி வந்தால் வேலை உண்டா இல்லையா என்று காத்திருக்க வேண்டும். படப்பிடிப்புக்கு முன்பு பிரிவுத் தலைவர் கூப்பிட்டு, "படத்துல உங்க பேர் வரட்டும்மா. நீங்க வேலை செய்யறதை எல்லாரும் பார்க்கட்டும். அதை வெச்சு உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி மேல எழுதறேன்" என்றார். நானும் நம்பினேன்.

படம் ஆரம்பித்தது. இசை, பாலைவனம், அண்ணனின் சிரிப்பு. பிறகு என் மேசை, என் விளக்கு, என் பெட்டி. உள்ளே நான் கறுப்பி என்று கூப்பிடும் தாய்த்தேள், முதுகில் முப்பத்திரண்டு வெள்ளைக் குட்டிகள். ஒரு கை இடுக்கியோடு வந்து வாலை மெல்லப் பிடித்தது. இன்னொரு கை அடியில் அட்டையைக் கொடுத்தது. ஒரு குட்டிகூட உதிராமல் கறுப்பி மேலே வந்தாள். "பதினோரு வருஷமா இவங்களோட பழகறேன். நாம பயந்தா அவங்களுக்கும் தெரிஞ்சிடும்" என்றது அண்ணனின் குரல். அந்த வாக்கியம் நான் அவரிடம் சொன்னது. அந்தப் பதினோரு வருடமும் என்னுடையது.

"அது அம்மா கை!" என்று மகள் எழுந்துவிட்டாள். "சுண்டுவிரலைப் பாருங்க!" கதவிடுக்கில் நசுங்கிய என் வலது சுண்டுவிரல் எதைப் பிடித்தாலும் தனியாக விலகி நிற்கும்.

"கடிகாரத்தைப் பாரு. அந்தத் தம்பி கட்டியிருக்கிறதுதானே?" என்றார் என் மாமியார். "ஆம்பளை கையைக் காட்டி அம்மா கைங்கறாளே, நல்ல பொண்ணு போ."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் பெயர்கள் ஓடின. தலைவர் பெயர் வந்தது, விளக்குப் பிடித்தவர் பெயர் வந்தது, கார் ஓட்டியவர் பெயர்கூட வந்தது. மேல்வீட்டு அக்கா மரியாதைக்கு அதுவரை காத்திருந்துவிட்டு, "அடுத்த வாரம் காட்டுவாங்களோ என்னவோ" என்று எழுந்து போனார். என் கணவர் டிவியை அணைத்துவிட்டு நாற்காலிகளை அடுக்கினார். மகள்தான் பக்கத்தில் வந்து, "கை மட்டும் குடுத்தியாம்மா?" என்று கேட்டாள். அவள் அழுதிருந்தால் தேவலை.

ஆமாம், கை மட்டும்தான் கொடுத்தேன். படப்பிடிப்பு அன்று பெட்டியைத் திறந்ததும் அண்ணன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். சுறாவோடு நீந்தியவர் விரல் நீளத் தேளைப் பார்த்து வெளிறிப்போனார். படத்தின் இயக்குநர் அம்மா என் கைகளைப் புரட்டிப் பார்த்து, "உங்க கை ஆம்பளைக் கை மாதிரியே இருக்கு, நல்லதாப் போச்சு" என்றார். பத்தொன்பது வருடமாகக் கழற்றாத மோதிரத்தைச் சோப்பு நுரை போட்டு உருவினார்கள். அண்ணனின் நீலச் சட்டையை மாட்டி, அவர் கடிகாரத்தைக் கட்டினார்கள். கையில் இருந்த சூட்டுத் தழும்பு தெரியாமல் ஒப்பனைக் களிம்பு பூசினார்கள். "இந்த ஒரு காட்சிக்குத்தான். உங்க பேட்டி தனியா வரும்" என்றார் இயக்குநர் அம்மா. பேட்டியும் எடுத்தார்கள், நாற்பது நிமிடம். அதில் நான் சொன்னதெல்லாம் வேறொருவர் வாயில் வந்ததே தவிர, நான் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகத் தலைவர் அறைக்குப் போனேன். அவர் படத்தைப் பற்றிப் பாராட்டி வந்த செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தார். என் பெயர் ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"சாதாரண ஜனங்க பார்க்கிற படம்மா. தெரிஞ்ச முகம் சொன்னாத்தான் கேட்பாங்க. நாம பெருந்தன்மையா இருக்கணும்."

"சரிங்க சார். என் வேலைக்கு எழுதறேன்னு சொன்னீங்களே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதலாம். ஆனா என்னன்னு எழுதறது? நீங்கதான் படத்துல எங்கேயுமே இல்லையே."

மேசைமேல் இருந்த காகிதக் கனத்தை எடுத்து எங்காவது எறியலாம் போல இருந்தது. படத்தை விடுங்கள், அலமாரியில் என் கையெழுத்தில் பதினான்கு பதிவேடுகள் இருக்கின்றனவே, அவையும் இல்லையா? கேட்கத்தான் நினைத்தேன். அதற்குள் அவர், "வியாழக்கிழமை இரண்டாம் பாகம் எடுக்க வராங்க. கொஞ்சம் ஒத்துழைங்க" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்துக்கொண்டார். மூன்று நாளும் தேள்களைத் தவிர யாரிடமும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வியாழக்கிழமை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். மணல் சமமாக, பஞ்சு ஈரமாக, இடுக்கி துடைத்து. என் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. விளக்கு போட்டார்கள். இயக்குநர் அம்மா நீலச் சட்டையோடும் கடிகாரத்தோடும் வந்து, "கையை நீட்டுங்கம்மா" என்றார்.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பதினோரு வருஷமா பழகறவர் அவர்தானே. அவரே எடுக்கட்டும்."

"விளையாடாதீங்க. நேரமாகுது."

"நான் எங்க விளையாடறேன்? அவர் சொன்னதைத்தான் நானும் சொல்றேன்."

தலைவர் முன்னால் வந்தார். குரலைத் தாழ்த்தி, "வேலை வேணுமா, வேணாமா?" என்றார். அறையில் இருந்த ஏழு பேர் காதிலும் விழுந்தது. விளக்குப் பிடித்தவர் தரையைப் பார்த்தார்.

"வேணும். பதினோரு வருஷமா அதைத்தானே சார் கேட்கறேன். செய்யறது யாருன்னு அந்தக் கேமரா முன்னால ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே கையை நீட்டறேன்."

தலைவர் மணியைப் பார்த்தார். அண்ணன்தான் என் பக்கத்தில் வந்தார். அருகில் பார்த்தால் சின்ன வயது, நெற்றியில் வியர்வை. "அக்கா, எனக்கு நிஜமாவே பயம். உங்களுக்குத் தெரியுமே" என்றார். பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவத்துக்கும் சேர்த்துக் கோபம் வந்தது. என் மகளுடைய நோட்டு அட்டையில் சிரிப்பது இந்த முகம்தான்.

"எனக்கும் முதல் நாள் பயமாத்தான் இருந்துச்சு தம்பி. இந்த வகை கொட்டினா சாக மாட்டீங்க. அரை நாள் வலிக்கும். ஆறு தடவை வாங்கியிருக்கேன்."

இடுக்கியை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு, மறுபடியும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் இயக்குநர் அம்மாவைப் பார்த்தார், அந்த அம்மா தலைவரைப் பார்த்தார், தலைவர் என்னைப் பார்த்தார். கேமரா ஓடத் தொடங்கியிருந்தது. அண்ணன் குனிந்தார். இடுக்கியின் நுனி பெட்டியின் விளிம்பில் டக்டக்கென்று தட்டியது. அந்த அதிர்வில் கறுப்பி திரும்பினாள். முதுகில் மிச்சமிருந்த நான்கு குட்டிகள் இறுகிக்கொள்ள, வால் மெதுவாக மேலே எழுந்தது.

"அக்கா" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

நான் அசையவில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் என் வலது கை தானாகவே விரிந்து, சுண்டுவிரலை விலக்கிக்கொண்டு, அங்கே இல்லாத இடுக்கியைச் சரியான இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தது.