கல்லறைக் கல்லின் இரண்டு வரிகள்

அன்று காலை ஹாங்காங் அரசாங்க அலுவலகத்தின் மாடியறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: கப்பல் சாமான் வணிகர் மோக் குவான்-டாய், அவருடைய தம்பி குவான்-லாம், துபாஷி ஆவ், மேஜைக்குப் பின்னால் வெள்ளைக்கார அதிகாரி. மேஜைமேல் ஒரு புகைப்படம் கிடந்தது. மோக்கின் தந்தையுடைய கல்லறைக் கல்.

"மொத வரியப் படிக்கச் சொல்றாருங்க," என்றான் ஆவ்.

மோக் படிக்கவில்லை. படிக்க என்ன இருக்கிறது? சீனக் கரையிலிருந்த அவர் ஊரில் எல்லார் கல்லும் அப்படித்தான் தொடங்கும். முதலில் சீனப் பேரரசரின் வம்சப் பெயர், பிறகுதான் இறந்தவர் பெயர். கல்தச்சன் யாரையும் கேட்டுச் செதுக்குவதில்லை. ஓரத்து வரிதான் அவரே கேட்டுப் போட்டது: இக்கல்லை நாட்டிய மகன், பேரரசரின் ஐந்தாம் படி அதிகாரி. விலைக்கு வாங்கிய பட்டம். அப்பாவின் மதிப்பு ஊரில் உயரட்டும் என்று வாங்கியது. அதற்கு ஐந்து வருடம் முன்பே பிரிட்டிஷ் முடிக்கு விசுவாசம் சொல்லி இந்தத் தீவின் குடியாகியிருந்தார். அந்தத் தாள் கடைக்கு, இந்தக் கல் வீட்டுக்கு என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"ரெண்டு அரசருக்குக் குடியா இருக்க முடியாதாம். அந்த ரெண்டு வரியும் கல்லுல இருக்கக் கூடாது. பதினஞ்சு நாள்ல புதுப் படம் வரணும். இல்லன்னா குடியுரிமை ரத்து." ஆவ் குரலைத் தாழ்த்தினான். "ரத்தாச்சுன்னா மகனுக்கும் இங்க பாதுகாப்பு போச்சு. அவன அடுத்த காண்டன் கப்பல்ல ஏத்திடுவாங்க, பெரியவரே. அங்க யாரு காத்திருக்காங்கன்னு நான் சொல்லணுமா?"

வேண்டாம். பேரரசருக்கு எதிராக மகன் யியூ-டிங் அச்சடித்த துண்டுத்தாள்களில் அவனோடு கைகோத்த இருவரின் தலைகள் போன மாதம் காண்டனில் விழுந்திருந்தன.

மோக் நின்றபடியே ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார்.

படியிறங்கும்போது தம்பி கிசுகிசுத்தான். "சுண்ணாம்பு பூசிப் படம் எடுத்துடலாம் அண்ணே. மழை வந்தா தானா கரைஞ்சு போயிடும்."

"அப்பா கல்லுக்கு வேஷம் போடச் சொல்றியா?"

"பேரரசர் பேரைச் சுரண்டினா அங்க நம்ம தலை போகும். எந்தத் தச்சனும் வரமாட்டான்."

"வர வேண்டாம். அந்தக் கல்லை இன்னொருத்தன் தொட நான் விடப்போறதில்ல."

எட்டாம் நாள் காலை, ஊர்க் குன்றின்மேல், நல்ல நீள அங்கியில் மோக் கல்லின் முன் நின்றார். வேகவைத்த பன்றி இறைச்சியும் மூன்று கிண்ணம் மதுவும் படைத்து, நெற்றி மண்ணில் பட மூன்று முறை வணங்கினார். பிறகு உளியை எடுத்தார். முதல் அடி விரலில் விழுந்தது. குவான்-லாம் படம் பிடிக்கும் பெட்டியை அணைத்துக்கொண்டு வயல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடியும் கீழே ஊர்வரை கேட்டது.

முதல் வரி தூளாகிக் கொட்டியது. ஓரத்து வரியில் பாதி மிச்சம்.

"அண்ணே, பாலத்துல ரெண்டு பேரு. பேரரசரோட ஊர் அதிகாரி அனுப்பின சேவகனுங்க மாதிரி இருக்கு. போயிடலாம்."

"பெட்டியைத் திற," என்றார் மோக். கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மகனுக்காக மோக் தன் அப்பாவின் கல்லறையை உடைத்துவிட்டார் என்று ஹாங்காங் தேநீர்க்கடைகளில் இன்றும் சொல்கிறார்கள். உடைக்கவில்லை. அந்த இரண்டு வரிகள்தான் இல்லை; அப்பாவின் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கிறது.