எதிர்க்கடை நெத்தலி

1

இந்தக் கதை எனக்கு வானத்திலிருந்து விழவில்லை. சிட்னியில், ஹோம்புஷில், ஒரு பிறந்தநாள் வீட்டில் இரண்டாவது தட்டுப் புட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், ஜெயரட்ணம் என்ற எஞ்சினியர் தன் மனைவி சிவனேஸ்வரியிடம் ஒரு பழைய சங்கதிக்காக ஏச்சு வாங்கிக்கொண்டிருந்ததை ஒட்டுக்கேட்டேன். ஏச்சு அவருக்கு, கதை எனக்கு.

2

தொடக்கம் ஒன்று: ஜப்பானின் உள்கடலோரத்தில், மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் ஷியோமி என்னும் சிற்றூர், பண்டைக்காலந்தொட்டு உப்பு விளைச்சலுக்குப் பேர்போன...

ஐயோ, வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பூமிசாத்திரம் மாதிரி இருக்கிறது. (ஊரின் பெயர் என் கற்பனை. தயவுசெய்து அட்லஸைத் தூக்காதீர்கள்.)

தொடக்கம் இரண்டு: 1974. பம்புகளைப் பார்த்து வரச்சொல்லி ஜெயரட்ணத்தைக் கொம்பனி சிட்னியிலிருந்து ஜப்பானுக்கு அனுப்பியது. அடுத்த வீட்டு ஃபுமிகோ வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டார்.

"அந்தப் பக்கம் போனா என்ர ஊரையும் ஒருக்காப் பாப்பீங்களா? அம்மா நெத்தலிக் கருவாட்டுக் கடை வச்சிருக்கிறா."

(பேசியது ஆங்கிலம். நான் யாழ்ப்பாணத் தமிழில் எழுதுகிறேன். ஃபுமிகோவுக்கு நன்றாகவே பொருந்துகிறது.)

இரண்டாம் உலகப் போர் முடிந்து அங்கே நின்ற ஆஸ்திரேலியச் சிப்பாய் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவர் ஃபுமிகோ. அன்றைக்கு முகத்தைத் திருப்பிய அம்மா இருபது வருசமாய் ஒரு சொல் பேசவில்லை. இதை ஃபுமிகோ ஜெயரட்ணத்துக்குச் சொல்லவில்லை. நான் உங்களுக்குச் சொல்லிவிட்டேன். கதாசிரியனாக இருப்பதில் எனக்குக் கிடைக்கும் ஒரே சுகம் இதுதான்.

3

ஞாயிற்றுக்கிழமை ஜெயரட்ணம் பஸ் ஏறி ஷியோமிக்குப் போனார். மழை. உப்பளங்களை மூடி, நிரவி, கார் நிறுத்த இடமாக்கியிருந்தார்கள். பொதுக் குளிப்பறையின் புகைபோக்கிதான் ஊரிலேயே உயரமான சங்கதி. ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் ஒரு பாட்டுப் போட, மழையிலும் விளையாடிய பிள்ளைகளெல்லாம் வீட்டுக்கு ஓடினார்கள். கடையும் வீடும் ஒன்றுதான்; பூட்டியிருந்தது. வெறுங்கையோடு திரும்பக் கூடாதென்று எதிர்க்கடையில் ஒரு பை நெத்தலி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

(இந்த இடத்தில் எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் பெரிய சந்தேகம். ஒரு தட்டுத் தட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கேட்டேன். "மழை" என்றார். மழையாம்!)

4

திரும்பி வந்து, வேலிக்கு மேலால் பையைக் கொடுத்து, வாய் கூசாமல் சொன்னார்: "அம்மா நல்ல சுகம். உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னவா."

அடிக்குறிப்பு போட இடமில்லை, ஆகவே இங்கேயே: எங்கள் ஆட்கள் ஓர் ஊருக்குப் போய்த் திரும்பினால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். கண்டோமா, பேசினோமா என்று ஒருவரும் விசாரணை வைப்பதில்லை. கேட்கிறவரும் "ஓம், சந்தோசம்" என்றுவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போவார்.

ஃபுமிகோ தேத்தண்ணி வைக்கப் போகவில்லை. பையைப் பார்த்தபடியே புல்லில் இருந்துவிட்டார்.

அடுத்த கிழமை சிவனேஸ்வரி குசினிக்குள்ளிருந்து பாய்ந்து வந்தார். "என்னப்பா சொன்னனீங்கள் அந்த மனிசிக்கு? தாயிட்டப் போறாவாம்! ரிக்கற்றும் எடுத்திட்டா. இருபது வருசமாப் பேசாத தாய், கேட்டவாவாம்!"

"சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னனான்..."

"நல்ல மரியாதை! கிழவி உயிரோட இருக்கோ எண்டாவது தெரியுமோ? பிளேன் ஏற முன்னம் நீங்களே உண்மையைச் சொல்லிப்போடுங்கோ."

5

ஃபுமிகோவை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனதும் ஜெயரட்ணம்தான். பரமட்டா வீதியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் வாயைத் திறந்தார், பச்சை வந்ததும் மூடினார். (இவ்விடத்தில் வானத்தை வர்ணித்து ஒரு அழகான பந்தி எழுதியிருந்தேன். மனுசன் சிவப்பு விளக்கை எண்ணிக்கொண்டிருக்கும்போது வானம் எதற்கு? வெட்டிவிட்டேன்.) வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

பெட்டியை இறக்கிவைத்துவிட்டு ஒருவழியாகச் சொன்னார். "நான் உங்கட அம்மாவைக் காணேல்லை. கடை பூட்டிக் கிடந்தது. கதவைத் தட்டவுமில்லை."

"தெரியும்" என்றார் ஃபுமிகோ. "பையில எதிர்க்கடையின்ர பேர் இருந்தது. நான் பிறக்க முன்னமே அவையும் நாங்களும் கோபம். அம்மா அந்தப் பையைக் கையாலும் தொடமாட்டா."

"பிறகேன் போறீங்கள்?"

"அம்மா கேட்டவா எண்டு இருபது வருசமா எனக்கு ஆரும் சொன்னதில்லை. பொய்யெண்டு தெரிஞ்சும் அண்டைக்கு முழுக்க அழுதனான். அதுதான் நானே போறன்."

6

முடிவு ஒன்று: கதவு திறக்கிறது. தாயும் மகளும் கட்டிப்பிடித்து. (பத்திரிகை ஆசிரியர்கள் கண்ணைத் துடைப்பார்கள்.)

முடிவு இரண்டு: கதவைத் திறப்பது யாரோ ஒரு அந்நியர். அம்மா போன மாரியிலேயே. (விருதுக் குழு இதைத்தான் கேட்கும்.)

இரண்டையும் எழுத எனக்கு மனமில்லை. ஏன், பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த கடைசிச் சங்கதி இதுதான்; மிச்சத்தை நான் ஜெயரட்ணத்திடம் கேட்கவில்லை. உள்ளே போகத் திரும்பிய ஃபுமிகோவிடம், பழக்கதோசம், ஜெயரட்ணம் சொன்னார்: "அம்மாவை நான் கேட்டதாச் சொல்லுங்கோ."

"ஆரெண்டு சொல்ல?"

கொஞ்சம் யோசித்தார். "எதிர்க்கடையில நெத்தலி வாங்கினவன் எண்டு சொல்லுங்கோ. கோபத்திலயாவது கதவைத் திறப்பா."

ஃபுமிகோ சிரித்துக்கொண்டே போனாராம். என் கதையில் இப்போதும் அந்தக் கடை வாசலில் பெட்டியோடு நிற்கிறார். அங்கே மழை. ஜெயரட்ணம் தட்டவில்லை. நானும் தட்டப்போவதில்லை. கதையை இவ்வளவு தூரம் வாசித்தவர் நீங்கள், நீங்களே தட்டுங்கள்.