ஜெர்ரிக்காகத் தட்டிய கதவுகள்

மகன் ஜெர்ரி போன பிறகு மோசஸ் வீட்டில் அவன் பெயரைச் சொன்னதே இல்லை. மனைவி ஜெயசெல்வி அவனைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். ஸ்கூலிலிருந்து திரும்பிய பையனை, சிக்னல் இல்லாத ஒரு முனையில் வேன் அடித்துப் போட்டது. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

ஜெயசெல்வி வேறு மாதிரி. அமெரிக்காவில் அவர்கள் இருந்த ஜெர்சி சிட்டியில் மேயர் தேர்தல் வந்ததும், ஸ்கூல் பக்கத்து முனைகளிலெல்லாம் சிக்னல் வைப்பேன் என்று சொன்ன ரிட்டயர்டு டீச்சர் ஒருவருக்காக ஓட்டுக் கேட்கக் கிளம்பிவிட்டாள். இந்தத் தேர்தலில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. கதவைத் திறந்தவர்கள் எந்தப் பார்ட்டி என்று கேட்டால், "பார்ட்டி எதுவும் இல்ல. நான் ஜெர்ரியோட அம்மா" என்பாள்.

குளிரில் உதடு வெடித்துத் திரும்புவாள். ஆனாலும் சாப்பிட்டாள், தூங்கினாள். யாருக்கும் பாதி ஓட்டு தேறாமல், டிசம்பரில் டீச்சர் உள்பட முதல் இருவருக்குள் மறுபடி போட்டி என்று வந்தபோது மோசஸுக்கு உள்ளூர நிம்மதி. இன்னும் சில வாரம் அவள் இப்படியே இருப்பாள்.

அதில் டீச்சர் தோற்றார். மறுநாள் மோசஸ் மன்ஹாட்டனில் ஆபீசில் இருக்கும்போது, சர்ச்சில் பழக்கமான பிரீத்தா கூப்பிட்டாள்.

"அங்கிள், ஆன்ட்டி எங்க பில்டிங்ல ஒவ்வொரு கதவா தட்டிட்டு இருக்காங்க. எலெக்‌ஷன் முடிஞ்சிருச்சுன்னு சொன்னாலும் கேக்கல. உடனே வர முடியுமா?"

ரயிலைப் பிடித்து ஓடினார். ஜெயசெல்வி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பிரீத்தா கொடுத்த டீ ஆடை கட்டிப் பக்கத்தில் இருந்தது.

"செல்வி, நேத்தே முடிஞ்சுபோச்சும்மா. நாம தோத்துட்டோம்."

"தெரியுங்க. எனக்கென்ன பைத்தியமா?" அவள் நிமிரவில்லை. "ஓட்டு கேக்க வரல. கதவைத் தட்டினா, என் பையன் பேரு ஜெர்ரின்னு சொல்லலாம். நின்னு கேப்பாங்க. சில பேர் உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. இனிமே யார்கிட்ட போய்ச் சொல்வேன்?"

"என்கிட்ட சொல்லு."

"நீங்க எழுந்து போயிடுவீங்க."

முகம் தெரியாதவர்களெல்லாம் வாசலில் நின்று கேட்டதை, பெற்றவன் கேட்கவில்லை. மெல்ல அவள் அருகில் உட்கார்ந்தார்.

"அன்னிக்குக் காலைல உங்க ஷேவிங் க்ரீமை முகம் பூரா பூசிட்டு வந்து நின்னான்" என்று ஆரம்பித்தாள் ஜெயசெல்வி. "மீசையே அரும்பல. அதுக்குள்ள அப்பா மாதிரி இருக்கேனான்னு கேக்கறான்."

மோசஸ் படிக்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். இது அவருக்குத் தெரியாது. இத்தனை நாளாக அவள் இதைத் தனியாகவே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவருக்கு அழுகை பீறிட்டு வந்தது. மேல் மாடியில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அப்புறம்?" என்று கேட்டார் மோசஸ்.