இன்னாசி சொல்ல வேண்டிய வரி

யுவராணி மூன்றாவது முறையாகக் கரண்டியைக் கொண்டுபோனபோதும் வேல்பாண்டி பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். சுருளித் தீர்த்தம் உதட்டு வெடிப்பில் பட்டு, தாடை வழியே இறங்கித் தலையணையில் ஊறியது.

"ஒரே ஒரு மொடக்குங்க. நாக்கு நனையட்டும்."

அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. மஞ்சளித்துப்போன கண்கள் பாதி திறந்து ஓட்டுக்கூரையைப் பார்த்துக் கிடந்தன. நேற்று மாலையிலிருந்து அவர் உடம்பில் அசைந்தவை உதடுகள் மட்டும்தான். இப்போதும் அவை அசைந்தன. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"பிதாவே, இந்தச் சோற்றுக்காக உழுதவர்களை ஆசீர்வதியும். அறுத்தவர்களை ஆசீர்வதியும். உலை வைத்தவர்களை ஆசீர்வதியும்."

அந்த இடத்தில் நின்றுபோயிற்று. யாருக்கோ காத்திருப்பவர்போல வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் போனதும் மூச்சை இழுத்துப் பிடித்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். பத்து வயதுப் பையன் ஒப்பிப்பதுபோல ஒரே ராகம்.

ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரையில் சொல்லி அனுப்பி நாலு நாளாகிறது. கிளம்பும்போது டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வாய் மட்டும் காயாமல் பார்த்துக்கொள்ளம்மா, உன்னால் முடிந்தது அதுதான் என்றார். நேற்றிலிருந்து அதுவும் அவளால் முடியாமல் போயிருந்தது. பால் கொடுத்துப் பார்த்தாள். இளநீர் கொடுத்துப் பார்த்தாள். பஞ்சில் தண்ணீர் தொட்டு வைத்தால்கூட உதட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறார். கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த மகள் பவானி இரண்டு தடவை போன் போட்டு, அப்பா தண்ணி குடிச்சாரா என்று கேட்டுவிட்டாள். இரண்டு தடவையும் யுவராணி, நீ வந்து சேரு என்று மட்டும் சொன்னாள்.

கால்மாட்டில் ராமுத்தாய் உட்கார்ந்திருந்தாள். வேல்பாண்டிக்கு அக்கா, கூடப் பிறந்தவர்கள் வேறு யாருமில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் சுருளி அருவிக்குப் போய்ப் பாட்டிலில் தீர்த்தம் பிடித்துக்கொண்டு, நனைந்த சேலையோடு அனுமந்தன்பட்டிக்கு வந்து சேர்ந்தவள். தம்பியின் வாயிலிருந்து வந்த சொற்களைக் கேட்கக் கேட்க அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"கொலசாமி பேரு ஒருக்காவாவது வாயில வருதா பாரு" என்றாள். "பாக்க வாரவுக வேதத்துல சேந்துட்டான்னு பேச மாட்டாகளா?"

"பேசுனாப் பேசிட்டுப் போறாக மதினி. தண்ணி எறங்குனாப் போதும்."

பத்து மணிவாக்கில் அமானுல்லா வந்தார். கம்பத்தில் உரக்கடை வைத்திருப்பவர். வேல்பாண்டியின் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தும் உரமும் அங்கிருந்துதான் வரும். அந்தப் பழக்கத்தைவிடப் பழையது, பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது. அமானுல்லா உத்தமபாளையத்திலிருந்து சைக்கிளில் வந்துபோனவர். வேல்பாண்டி அங்கேயே ஹாஸ்டலில் கிடந்தவர்.

குனிந்து ஒரு தடவை கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகமே வேறாக இருந்தது.

"சாப்பாட்டு ஜெபம் தங்கச்சி இது. ஹாஸ்டல் பயலுக மூணு வேளையும் சொல்லுவாய்ங்க. சொல்லி முடிக்காமத் தட்டுல கை வைக்கக் கூடாது."

யுவராணி கரண்டியைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த மறுநாள் மதியம் அவள் நினைவுக்கு வந்தது. சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி எதிரே உட்கார்ந்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியபடி சும்மா இருந்தார். குழம்பு பிடிக்கவில்லையோ என்று பயந்து கேட்டதற்கு, சூடா இருக்கு என்றார். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷமாக எல்லா வேளையும் அதே கதைதான். ஒருநாள் பழைய கஞ்சிக்கும் சூடா இருக்கு என்று சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். விஷயத்தை மட்டும் சொல்லவே இல்லை.

"அப்ப அதை முடிச்சுவிட்டாத்தான் வாயத் தொறப்பாக" என்றாள். "முடிவு என்னண்ணே?"

அமானுல்லா உதட்டைப் பிதுக்கினார். மெஸ்ஸுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கும்போது தினமும் காதில் விழுந்த ஜெபம்தான். முதல் மூன்று வரியையும் பையன்கள் எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். கடைசி வரியை ஒருத்தன் மட்டும் சொல்ல வேண்டும். அவன் ஆரம்பித்ததுமே நூறு தட்டுச் சத்தம் கிளம்பிவிடும். அதற்குமேல் வெளியே ஒன்றும் கேட்டதில்லை.

"வேலு மறந்துபோயி நிக்கல தங்கச்சி. அது அவன் சொல்ற வரி இல்ல. இன்னாசி சொல்லணும். அதுக்குத்தான் காத்துக்கெடக்கான்."

இன்னாசிமுத்து ராயப்பன்பட்டிக்காரர். இப்போது கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். அமானுல்லா நாலு தடவை போன் அடித்தார். கிடைக்கவில்லை. குமுளி மலை ஏறிக்கொண்டிருப்பார், வளைவுகளில் சிக்னல் இருக்காது என்றார்.

கூடப் படித்தவர்களுக்கு வாட்சப்பில் ஒரு குரூப் இருந்தது. அமானுல்லா அதில் விஷயத்தைப் பேசி அனுப்பினார். பதில்கள் மளமளவென்று வந்து விழுந்தன. கூப்பிய கைகள் வந்தன. எந்த ஆஸ்பத்திரி என்று ஒருவர் கேட்டார். சென்னையில் பேங்கில் இருப்பவர், அந்தச் சாம்பாரில் மிதந்த பூசணிக்காயைப் பற்றியே ஒரு நிமிஷம் பேசினார். திருப்பூரிலிருந்து ஒருவர் முதல் மூன்று வரியையும் அழகாகச் சொல்லிவிட்டு, "அதுக்கு மேல எனக்குத் தெரியாது மாப்ள, எங் கண்ணு பூரா தட்டுலதான் இருக்கும்" என்றார். ஜெபத்தை எழுதிய பெரிய சாமியார் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது என்று இன்னொருவர் எழுதினார். யுவராணி ஒவ்வொரு குரலையும் போனோடு காதை ஒட்டவைத்துக் கேட்டாள். ஒரு படம் வந்ததும் அமானுல்லா சட்டென்று போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். வேல்பாண்டியின் கல்யாணப் படத்துக்குக் கீழே, ஆழ்ந்த இரங்கல் என்று யாரோ போட்டிருந்தார்கள்.

கட்டிலில் உதடுகள் மறுபடி ஆரம்பித்தன. இந்த முறை அறுத்தவர்களுக்கும் உலை வைத்தவர்களுக்கும் நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"நிப்பாட்டச் சொல்லுங்கப்பா" என்றாள் ராமுத்தாய். பிறகு யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். ஆத்தா செத்துப்போய், அய்யா ஏலத்தோட்டத்துக்கு மலையேறியவர் திரும்பாமலே போனது. பத்தொன்பது வயதில் தனக்குக் கல்யாணமானது. தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் புருஷன் வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

"எம் மாமியா தட்ட எண்ணித்தான் வைப்பாக. இவனுக்குத் தட்டு இருக்காது. என் சோத்துலதான் அள்ளிக் குடுப்பேன். ஒருநா அதையும் பாத்துட்டாக."

தம்பியின் காலில் விலகியிருந்த போர்வையை இழுத்து மூடினாள்.

"சாமியாரு சோறு போட்டுப் படிக்கவும் வைக்கிறாகன்னு சொன்னாக. பஸ்ஸுல கூட்டிட்டுப் போயி விட்டேன். கேட்டு வாசல்ல நின்னு, சாயங்காலம் வந்துருவியாக்கான்னு கேட்டான். வந்துருவேன்னேன். அடுத்த பொங்கலுக்குத்தான் போனேன் ஆத்தா. அப்பவும் அவன் ஒண்ணும் கேக்கல."

இத்தனை வருஷத்தில் இதைப்பற்றி வீட்டில் ஒரு பேச்சு வந்ததில்லை. தீபாவளி தவறாமல் வேல்பாண்டி அக்காவுக்குச் சேலை எடுத்துக்கொண்டு போவார். அங்கே எவ்வளவு வற்புறுத்தினாலும் சாப்பிடமாட்டார்.

பதினொன்றரைக்கு மேல் மூச்சு மாறியது. இழுத்து, நின்று, யோசித்து வருவதுபோல வந்தது. உள்நாக்குவரை காய்ந்த சத்தம் அதில் இருந்தது. யுவராணிக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். உலை வைத்தவர்களை ஆசீர்வதியும் என்று அவர் நிறுத்தியதும், காதில் தானாகவே சொன்னாள்.

"பசிச்சவுகளுக்கெல்லாம் சோறு குடும் சாமி. ஆமென்."

உதடுகள் அசையவில்லை. அவள் அமானுல்லாவைப் பார்த்தாள். கொடுத்துப் பார் என்பதுபோல அமானுல்லா தலையை ஆட்டினார். ராமுத்தாய் கரண்டியில் தீர்த்தத்தை ஊற்றிக்கொண்டு எழுந்து வந்தாள். கரண்டி உதட்டில் பட்டது. பல் இறுகியது.

"பிதாவே" என்று அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

யுவராணிக்கு வந்தது அழுகையா கோபமா என்று தெரியவில்லை. "எஞ் சொல்லுக்குத் தொறக்க மாட்டீகளா?" என்று கேட்டாள். அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் போய்விட்டது, உதடு மட்டும்தான்.

அப்போது அமானுல்லாவின் போன் அடித்தது. பின்னால் பஸ் ஹாரன் அலறிக்கொண்டிருந்தது. மாதா கோயில் வளைவில் லாரியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுவதாக இன்னாசிமுத்து சொன்னார். என்னடா, வேலுவுக்கு என்ன என்றார். அமானுல்லா விவரம் சொல்லவில்லை.

"இன்னாசி, மெஸ் ஜெபத்தச் சொல்லு. கடைசி வரியோட சொல்லு. இப்பவே சொல்லு."

ஸ்பீக்கரில் போட்டு வேல்பாண்டியின் காதருகே பிடித்தார். அந்தப் பக்கம் ஒரு வண்டி கடந்துபோகும் சத்தம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஐம்பது வயதுக் கரகரத்த குரல் அதே ராகத்தில் ஓட்டமாகச் சொன்னது. உழுதவர்கள். அறுத்தவர்கள். உலை வைத்தவர்கள். வேல்பாண்டியின் உதடுகள் கூடவே அசைந்தன. மூன்றாவது வரி முடிந்ததும் மூடிக்கொண்டன.

"எங்களை இங்கே விட்டுப்போனவர்கள் வீட்டிலும் இன்று அடுப்பு எரியட்டும்" என்றார் இன்னாசிமுத்து. "ஆமென்."

வேல்பாண்டியின் தாடை தளர்ந்தது. வாய் திறந்தது.

யுவராணி நிமிர்ந்து பார்த்தாள். ராமுத்தாய் கரண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். கை நகரவில்லை. மதினி, மதினி என்று இரண்டு தடவை கூப்பிட்டும் நகரவில்லை. யுவராணியே எட்டி அந்தக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து வாயில் சரித்தாள். தண்ணீர் நாக்கில் விழுந்தது. பல்லைத் தாண்டி உள்ளே போனது. அவள் தொண்டையையே பார்த்திருந்தாள். தொண்டை ஏறி இறங்கவில்லை. நிறைந்த தண்ணீர் கடைவாய் வழியாக மெதுவாக வெளியே வந்து, அவள் மடிச்சேலையை நனைத்தது.

அவராகத் திறந்த வாய்தானா அது, இல்லை மூச்சு போகையில் திறந்ததா என்று யாரைக் கேட்பது?

"அமானு" என்றது போன். "குடிச்சானாடா?"

அமானுல்லா யுவராணியைப் பார்த்தார். அவள் கணவரின் கண்ணிமைகளை மூடிக்கொண்டிருந்தாள்.

"குடிச்சிட்டான்டா" என்றார்.

"சரி, சரி. நாளைக்கு எறங்கி வந்ததும் பாக்குறேன்னு சொல்லு" என்று வைத்துவிட்டார் இன்னாசிமுத்து.

அமானுல்லா கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போனார். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாள் வந்தாள். நிலையைப் பிடித்து நின்று பார்த்தாள். பிறகு வயதானவர்கள் செய்ய வேண்டியதைச் செய்ய ஆரம்பித்தாள். வேட்டியைக் கிழித்துத் தாடையைக் கட்டினாள். தலையைத் தெற்கே திருப்பச் சொன்னாள். அடுப்புல ஏதும் இருந்தா அமத்திரு ராமுத்தாயி, எடுக்குற வரைக்கும் இந்த வீட்டுல ஒல எரியக் கூடாது என்றாள்.

ராமுத்தாய் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

வெகுநேரமாகியும் அவள் வரவில்லை. தெருவில் ஆட்கள் சேரும் சத்தம் கேட்டது. யாரோ நாற்காலிகளை இறக்கினார்கள். யுவராணி எழுந்து போய்ப் பார்த்தாள். அமானுல்லாவுக்காக வைத்த டீத்தண்ணீர் வற்றி, பாத்திரம் கருகத் தொடங்கியிருந்தது. கேஸ் அடுப்பின் திருகில் கையை வைத்தபடி, நீலத் தீயைப் பார்த்துக்கொண்டு நின்றாள் ராமுத்தாய்.

யுவராணி பாத்திரத்தை மட்டும் இறக்கி வைத்தாள்.